உப்பு மீற்றர்

ஜெயரூபியின் புருவத்தில் பட்டுத்தான் பழைய மீற்றர் உடைந்தது.

வைகாசி மாதம், வறண்ட கச்சான் காற்று பிடிக்கத் தொடங்கியிருந்தது. பாக்கியரத்தினம் உப்புப் பாத்தி வரம்பில் குந்தியிருந்து தேத்தண்ணீர் கேட்டார். வீட்டு வளவிலிருந்து களப்பங்கரை வரைக்கும் ஜெயரூபி அந்த வெயிலில் நடந்து கொண்டுவந்தது ஆறித்தான் போயிருந்தது. ஒரு மிடறு குடித்தார். கோப்பையை வரம்பில் வைத்தார். கையில் எது இருந்ததோ அதை மனைவியின் முகத்துக்கு எறிந்தார். கையில் இருந்தது மீற்றர்.

கண்ணாடிக் குழல் அது. அடியில் ஈயக் குண்டு, கழுத்தில் கோடுகள். உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டால் தண்ணீர் எத்தனை டிகிரி தடித்திருக்கிறது என்று அந்தக் கோடு சொல்லும். கடல்நீர் ஏறும் களப்புத் தண்ணீரைப் பெரிய பாத்தியில் வெயிலுக்கு விட்டு, இருபத்தைந்து டிகிரி வந்ததும் கடைசிப் பாத்திக்கு மாற்ற வேண்டும். அங்கேதான் உப்பு விளையும். இருபத்தொன்பதைத் தாண்டினால் எஞ்சி நிற்கிற தண்ணீர் கசக்கத் தொடங்கும். அதற்கு முன் வரம்பை வெட்டி அதைக் கழித்துவிட வேண்டும். கழிக்காவிட்டால் கசப்பு உப்பிலும் ஏறிவிடும்.

குசினி வாசலில் ஜெயரூபியை இருத்தி, புருவத்துக்குள் ஏறியிருந்த கண்ணாடித் தூள்களை ஒவ்வொன்றாக எடுத்தது கீர்த்தனிதான். அவள் பாக்கியரத்தினத்தின் தம்பி சஞ்சீவனின் பெண்சாதி. பாலையூற்றுப் பெண். கலியாணத்துக்கு முதல் திருகோணமலை டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை செய்தவள். போன் திருத்துகிற சாமணத்தால் இரத்தத்துக்குள் கண்ணாடி தேடுவாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவம். இது தைக்கோணும்."

"போனா என்னெண்டு சொல்லுறது?"

"நடந்ததைச் சொல்லுவம்."

"கதவு அடிச்சுப் போட்டுது எண்டு போன முறை சொன்னனான். எத்தினை தரம் பிள்ளை ஒரு கதவு அடிக்கும்?" ஜெயரூபி சேலைத் தலைப்பை நெற்றியில் அழுத்திக்கொண்டாள். "விடு. அந்த மனுசனும் போன கார்த்திகையில இருந்து இப்பிடித்தான் நிக்குது."

போன கார்த்திகைப் புயலில் களப்பு பெருகி வரம்பெல்லாம் கரைந்து, மூடிவைத்திருந்த உப்புக் குவியலும் தண்ணீரோடு போனது. வடிந்தபிறகு பாக்கியரத்தினம் தை மாசியெல்லாம் தனியாக நின்று வரம்பு கட்டினார். மண்வெட்டி பிடித்துக் கை வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி, சோற்றைப் பிசைந்து சாப்பிட ஏலாமல் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார். அதையெல்லாம் கீர்த்தனி கண்ணால் கண்டவள். ஆனால் புயலுக்கு முதலும் இந்த மனுசன் அடித்தவர்தான் என்பதையும் அவள் கண்டவள்.

புதிய மீற்றர் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்று சஞ்சீவன் சொன்னான். கண்ணாடி மீற்றர் இந்த வளவில் எவ்வளவு காலத்துக்கு நிற்கும் என்று கீர்த்தனி கேட்டாள்.

"உடையாத ஒண்டு நான் செய்யிறன்" என்றாள்.

செய்தாள். தடித்த பிளாஸ்ரிக் குழாய் ஒன்று, அதற்கு இறுக்கமான மூடி. உள்ளே ஒரு பற்றரி, போனுக்குச் செய்தி அனுப்பும் சிறிய போர்ட், சரிவை உணரும் நகத்தளவு சில்லு. குழாயைத் தண்ணீரில் விட்டால் சரிந்து மிதக்கும். தண்ணீர் தடிக்கத் தடிக்க இன்னும் சரிந்து படுக்கும். எவ்வளவு சரிந்தது என்று சில்லு சொல்லும், அதை டிகிரியாக மாற்றி வரம்பில் நிற்பவரின் போன் காட்டும். குசினித் தராசில் உப்பை நிறுத்து, வாளித் தண்ணீரில் கரைத்து, இந்த உப்புக்கு இந்தச் சரிவு என்று அளவு பிடித்தாள். உள்ளே இருந்த எல்லாவற்றையும் சூடாக்கி ஒட்டும் பசைக்குச்சியால் குழாயின் சுவரோடு ஒட்டினாள். கடையில் அதால்தான் ஒட்டுவார்கள்.

பாக்கியரத்தினம் அதை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"உதுவோ உப்புப் பாக்கப் போகுது? பொம்பிளையள் போனில பாத்து உப்பு விளைவிக்கிற காலம்" என்று சொல்லி, கல்லை எறிவதுபோல் பாத்திக்குள் எறிந்தார். அது முங்கி எழுந்து சரிந்து நின்றது. ஆனாலும் இரண்டு கிழமை தண்ணீரைத் தேய்த்துப் பார்த்த தன் விரல் சொன்னதும் அது காட்டியதும் ஒன்றாகவே இருந்ததால் பிறகு அவர் அதை எடுத்தெறியவில்லை. ஆனி நடுப்பகுதியில் மூதூரில் பெறாமகள் முறைப் பெண் ஒருத்தியின் கலியாண வீட்டுக்குப் போகும்போது, "மீற்றரைப் பாத்துத் தண்ணியைக் கழியுங்கோ" என்று தம்பியிடம் சொல்லிவிட்டே போனார்.

அவர் போயிருந்த கிழமை வெயில் எரித்தது. தார் றோட்டில் செருப்பு ஒட்டியது. காலையில் சஞ்சீவன் பார்த்தான், இருபத்தேழு. பின்னேரம் இருபத்தேழு. மறுநாளும் இருபத்தேழுதான். காற்றில் ஈரம் இருக்கும், அதுதான் ஏறவில்லை என்று அவனும் கீர்த்தனியும் பேசிக்கொண்டார்கள். உப்பு தடித்து வெள்ளையாய்ப் படிந்திருந்தது. வாரிக் குவித்தார்கள். பாக்கியரத்தினம் திரும்பி வந்த அன்று குவியலைப் பார்த்துத் தம்பியின் முதுகில் தட்டினார். கீர்த்தனி அந்த வீட்டுக்கு வந்து கண்ட முதல் தட்டு அது.

நஸ்ரி லொறியோடு வந்தான். கடற்கரையில் கருவாடு காயவைக்கும் வாடி வைத்திருப்பவன், வருடாவருடம் இவர்களிடமே உப்பு எடுப்பவன். குவியலில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து நாக்கில் வைத்தான். துப்பினான். இன்னொரு பக்கம் போய் எடுத்தான். மறுபடியும் துப்பினான்.

"அண்ணே, இது கசக்குது."

"என்ன கதை இது?"

"நீங்களே போட்டுப் பாருங்கோ. கை எல்லாம் பிசுபிசுக்குது. இதைப் போட்டா என்ர மீன் முழுக்க நாறிப் போகும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, என்னால ஏலாது."

பாக்கியரத்தினம் ஒரு பிடி உப்பை வாய்க்குள் போட்டு மென்றார். துப்பவில்லை. மென்று விழுங்கினார். லொறி வெறுமையாகத் திரும்பி, களப்போரப் பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உப்பு வாரும் பலகையை, நீளக் கம்பு பூட்டிய கனத்த பலகை அது, வரம்பிலிருந்து எடுத்தார்.

சஞ்சீவன் ஓடவில்லை. அண்ணன் தன்னிடம் ஏதோ கேட்க வருகிறார் என்றே நினைத்திருக்க வேண்டும்.

"அண்ணை, மீற்றர் இருபத்தேழுதான்..."

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது தலையில். பச்சை விறகு பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவன் பாத்திக்குள் முகங்குப்புற விழுந்தான். தண்ணீர் சிவந்தது. காயத்தில் உப்புத் தண்ணீர் பட்டதும் அவன் போட்ட கத்தல் மனிதக் கத்தலாக இல்லை. கீர்த்தனி ஓடிப் போய் அவன் முகத்தைத் தூக்கினாள். மூன்றாம் அடிக்கு ஓங்கிய பலகை அவளுக்கு மேலே நின்றது. பிறகு பக்கத்தில் விழுந்தது.

பாக்கியரத்தினம் தன் சாரத்தைக் கிழித்தார். தம்பியின் தலையைச் சுற்றி இறுகக் கட்டினார். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, "கண்ணை மூடாத, டேய் சஞ்சீவன், கண்ணை மூடாத" என்று கத்தியபடி றோட்டுக்கு ஓடினார். ஓட்டோக்காரனைச் சட்டையில் பிடித்து இழுத்து நிறுத்தினார். அடித்த கையும் தூக்கின கையும் ஒரே கைதான். ஓட்டோவுக்குள் நெருங்கி இருந்துகொண்டு கீர்த்தனி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு போனாள்.

பெரியாஸ்பத்திரியில் பதினொரு தையல் போட்டார்கள். பொலிஸ்காரர் வந்து கேட்டபோது சஞ்சீவன், "சறுக்கி விழுந்தனான், வரம்பில கல்லு" என்றான்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" பொலிஸ்காரர் போனபிறகு கீர்த்தனி கேட்டாள்.

"அண்ணையை உள்ள போட்டா வரம்பை ஆர் பாக்கிறது? நான் இப்பிடிக் கிடக்கிறன்."

"அடுத்த முறை செத்துப் போனீங்களெண்டா?"

அவன் கட்டுப்போட்ட தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கீர்த்தனி குழாயைத் திறந்தாள். திறந்ததுமே விளங்கிவிட்டது. மூடிய குழாய்க்குள் வெயில் ஏறி, ஒட்டின பசை இளகியிருந்தது. பற்றரியின் பாரம் இழுக்க, சில்லு இருந்த போர்ட் சுவரைவிட்டு ஒரு மயிரிழை விலகிச் சாய்ந்திருந்தது. அவ்வளவுதான். குழாய் தண்ணீரில் படுக்கப் படுக்க உள்ளே போர்ட் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டு போயிருக்கிறது. அதனால்தான் தண்ணீர் முப்பதைத் தாண்டியும் போன் இருபத்தேழு என்றே சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது.

அவள் கதிரையில் அப்படியே இருந்தாள். பாணும் சம்பலும் கொண்டுவந்த ஜெயரூபி, "என்ன பிள்ளை?" என்றாள்.

"அக்கா, பிழை என்னில. நான் ஒட்டின பசை வெயிலுக்கு நிக்கேல்ல. அத்தான் அடிச்சது..."

"என்ன?"

"அவர் கோவப்பட்டதில ஞாயம் இருக்கு."

ஜெயரூபி தட்டை மேசையில் வைத்தாள். புருவத்தில் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"உப்பு கசந்ததுக்கு நீ காரணமா இருக்கலாம். அவன்ர மண்டை உடைஞ்சதுக்கு நீ காரணமில்ல. ரெண்டையும் ஒண்டாக் கட்டாத. நான் இருவத்திரெண்டு வருசமா அப்பிடிக் கட்டிக் கட்டித்தான் இப்பிடி நிக்கிறன். தேத்தண்ணி ஆறிப் போட்டுது, அதுதான் அடிச்சவர். கறியில புளி கூடிப் போட்டுது, அதுதான் அடிச்சவர்." மேசையில் கிடந்த குழாயைத் தொட்டு, "திரும்பச் செய்வியா?" என்று கேட்டாள்.

"செய்தா இந்த முறை அசையாமச் செய்யோணும்."

மறுநாளே இருவரும் தொடங்கினார்கள். கீர்த்தனி மரக்கறி வெட்டும் பிளாஸ்ரிக் பலகையிலிருந்து ஒரு கீலத்தை வாளால் அறுத்தாள். குழாய்க்குள் தள்ளினால் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிற அளவுக்கு அதன் ஓரங்களை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினாள். மேலும் கீழும் இரண்டு வட்டத் தட்டுகள் வெட்டிக் கீலத்தை அவற்றுக்குள் கொளுவினாள். போர்ட்டையும் சில்லையும் இந்த முறை ஒட்டவில்லை. பழைய போன்களிலிருந்து கழற்றி வைத்திருந்த சிறு திருகாணிகளால் கீலத்தோடு முறுக்கினாள். பற்றரி அடியில் போனது. அதைச் சுற்றிச் செருப்பு ரப்பர் வெட்டி அடைத்தாள். வயர்களை நூலால் கட்டினாள். கரையில் ஃபைபர் படகின் வெடிப்பை ஒட்டுகிறவர்களிடம் சிரட்டையில் கொஞ்சம் ரெசின் பசை வாங்கி வந்தாள் ஜெயரூபி. ஆணித் தலைகளிலும் தட்டின் விளிம்புகளிலும் சொட்டுச் சொட்டாக வைத்து, கல்லுப்போல் இறுகும்வரை விட்டார்கள்.

மறுபடி உப்பு நிறுத்து, மறுபடி வாளியில் அளவு பிடித்தாள். பிறகு குழாயை ஜெயரூபியின் கையில் கொடுத்தாள்.

"அடியுங்கோ அக்கா."

"எதில?"

"கிணத்துக் கட்டில. விழுந்தா என்ன செய்யுது எண்டு பாக்கோணும்."

ஜெயரூபி முதலில் மெல்லத் தட்டினாள். "பலமா" என்றாள் கீர்த்தனி. அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓங்கி அடித்தாள். இன்னொரு தரம் அடித்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, திரும்பத் திரும்ப அடித்தாள். கிணற்றுக் கட்டில் சீமெந்து பெயர்ந்தது. கீர்த்தனி அவளுடைய கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வாளியில் விட்டார்கள். கொஞ்சம் பிசகிக் காட்டியது. கீர்த்தனி திறந்து தேடினாள். பற்றரி வயர் ஒன்று விறைப்பாக நின்று, அசையும்போதெல்லாம் பற்றரியைத் தள்ளியிருந்தது. அதை மாற்றி மெல்லிய வயர் போட்டாள். திரும்ப அடி, திரும்ப வாளி. இந்த முறை அடிக்கு முதல் காட்டியதையே காட்டியது. தகரத்தின் மேல் உச்சி வெயிலில் பகல் முழுக்கப் போட்டுப் பார்த்தார்கள். அதற்கும் மாறவில்லை.

கசந்த உப்பை அள்ளிக் கொட்டிவிட்டு, பாத்திக்குப் புதுத் தண்ணீர் விட்டது பாக்கியரத்தினம்தான். வெறும் வயிற்றில் சாராயம் குடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தம்பிக்குக் கொடுவா மீன் வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். சஞ்சீவன் அதைத் தின்றான். கீர்த்தனி தொடவில்லை.

ஆடி பிறந்து, தண்ணீர் தடித்துவந்த ஒரு காலை. கீர்த்தனியும் ஜெயரூபியும் மீற்றரைப் பாத்தியில் விட்டுவிட்டு வரம்பில் நின்றார்கள். பாக்கியரத்தினம் பின்னால் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. காலையிலேயே குடித்திருந்தார்.

"திரும்பவும் இதையோ விட்டனீங்கள்?"

இறங்கிப் போய் மீற்றரைப் பிடுங்கினார். வரம்புக் கல்லில் ஓங்கி அறைந்தார். அது தெறித்துப் பாத்தியின் மறுகோடியில் போய் விழுந்தது.

"அத்தான், அது இப்ப பிழைக்காது. நான் சரியாப் பூட்டியிருக்கிறன். ஒருக்காப் பாருங்கோ" என்று கீர்த்தனி அதை எடுக்கப் போனாள்.

அவர் அவளுடைய கூந்தலில் பிடித்தார். "என்ர தம்பியின்ர மண்டையை உடைக்க வைச்சவள் நீ" என்று அவளை இழுத்து, முகத்தைத் தண்ணீருக்குள் அமத்தினார்.

கண்ணுக்குள் நெருப்பு அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. மூக்கு, தொண்டை எல்லாம் எரிந்தது. முழங்கையால் இடித்தாள். நகத்தால் பிறாண்டினாள். அடியில் விளைந்திருந்த உப்பு கன்னத்தைக் கீறியது. தலைக்கு மேலிருந்த கை இரும்புபோல் அசையாமல் நின்றது. நெஞ்சு வெடிக்கப் போகிறது என்று நினைத்த கணத்தில், தண்ணீருக்குள்ளேயே அவளுக்குப் பச்சை விறகு பிளக்கிற அந்தச் சத்தம் கேட்டது. கூந்தல் விடுபட்டது.

எழும்பி இருமினாள். கண் தெரியவில்லை. பலகை திரும்ப விழுகிற சத்தமும், பாக்கியரத்தினம் "ஐயோ, கை, கை" என்று கத்துகிற சத்தமும் மட்டும் கேட்டன. இன்னொரு அடி விழுந்தது. அது சதையில் விழுந்த அடி.

"அக்கா!"

"நீ தள்ளி நில்லு பிள்ளை."

"அக்கா, காணும், விடுங்கோ. செத்துப் போவார். அக்கா, காணும்!"

குருடியாய்த் தவழ்ந்து போய் ஜெயரூபியின் காலைக் கட்டிப் பிடித்தாள். அந்தக் கால்கள் வேலிக் கதியால் தடிபோல் விறைத்து நின்றன. பிறகு பலகை வரம்பில் சாய்த்து வைக்கப்பட்டது. எறியப்படவில்லை, வைக்கப்பட்டது.

சத்தம் கேட்டுச் சஞ்சீவன் தலைக்கட்டோடு ஓடிவந்தான். அண்ணனின் மணிக்கட்டு ஒரு பக்கம் வளைந்து தொங்கியது. அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை. கீர்த்தனியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாளி வாளியாக நல்ல தண்ணீரை அவளுடைய கண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மங்கலாகப் பார்வை திரும்பியதும் கீர்த்தனி பாத்திக்குப் போனாள். மீற்றர் மறுகோடியில் சரிந்து மிதந்துகொண்டிருந்தது. போனைப் பார்த்தாள். காலையில் காட்டியதையே காட்டியது.

ஆஸ்பத்திரியில் பாக்கியரத்தினம், "சறுக்கி விழுந்தனான்" என்றாராம். பெண்சாதி அடித்தவள் என்று சொல்ல அந்த மனுசனுக்கு வாய் வருமா?

அன்றே ஜெயரூபி தன் பாயையும் உடுப்பையும் எடுத்துக்கொண்டு அதே வளவில் இருந்த கீர்த்தனியின் வீட்டுக்கு வந்துவிட்டாள். சோறு கறி சமைத்து, புருசனின் பங்கை நடுவளவில் ஒரு ஸ்ரூலில் மூடி வைப்பாள். அவர் வந்து இடக்கையால் எடுத்துக்கொண்டு போவார். ஒருநாள் சஞ்சீவன், "அண்ணி, அண்ணை உங்களைக் கேட்டவர்" என்றான்.

"என்ன கேட்டவர்?"

"எப்ப வருவீங்கள் எண்டு."

"கேக்கட்டும்" என்றாள் ஜெயரூபி. பகலில் அப்படிச் சொன்னாலும் படுக்கும்போது மண்வெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

தண்ணீர் ஏறியது. இருபத்தேழு, இருபத்தெட்டு. சஞ்சீவனுக்கு வெயிலில் தலை சுற்றியது. ஆகவே பெண்கள் இருவரும்தான் காலையும் பின்னேரமும் போய்ப் பார்த்தார்கள். வரம்பில் பாக்கியரத்தினம் கைக்கட்டோடு வந்து தூரத்தில் குந்தியிருப்பார். ஜெயரூபி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கமாட்டாள்.

அன்று போன் இருபத்தொன்பதைக் காட்டியது. கீர்த்தனி இரண்டு தரம் பார்த்தாள்.

"அக்கா, வெட்டலாம்."

பாக்கியரத்தினம் எழும்பி வந்தார். வடிகால் பக்கத்து வரம்பில், வெட்ட வேண்டிய இடத்திலேயே நின்றார். இடக்கையைத் தண்ணீரில் விட்டு விரலை விரலோடு தேய்த்தார்.

"இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும். இன்னும் கொஞ்சம் உப்பு இறங்கும்."

"மீற்றர் இருவத்தொம்பது காட்டுது அத்தான்" என்றாள் கீர்த்தனி.

"நான் சொல்லுறன், கிடக்கட்டும்."

ஜெயரூபி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவருடைய இடக்கை மெல்ல மேலே வந்தது. வளவில் எத்தனையோ தரம் அது அப்படி எழும்பியிருக்கிறது. எழும்பும்போது அவள் முகத்தை மூடிக்கொள்வதைக் கீர்த்தனி கண்டிருக்கிறாள். இப்போது அவள் மூடவில்லை. மண்வெட்டிப் பிடியில் இரண்டு கையும் வெளிறிப்போய் இறுகியிருந்தன. காற்று அவளுடைய சேலைத் தலைப்பை அடித்தது. களப்பில் கொக்கு ஒன்று எழும்பிப் பறந்தது.

"தள்ளி நில்லுங்கோ" என்றாள். "தண்ணி போற வழியில நிக்கிறியள்."

அவர் அவளைப் பார்த்தார். தம்பியின் பெண்சாதியையும் பார்த்தார். உயர்ந்த கையை என்ன செய்வதென்று தெரியாதவர்போல் கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டுத் தன் நெற்றி வியர்வையைத் துடைத்தார். பிறகு ஓர் அடி பின்னுக்கு வைத்தார். இன்னோர் அடியும் வைத்தார்.

ஜெயரூபி குனிந்து வெட்டினாள். மூன்றாம் வெட்டில் வரம்பு உடைந்தது. தடித்த தண்ணீர், எண்ணெய்போல் மெதுவாக, சத்தமில்லாமல் வடிகாலுக்குள் இறங்கத் தொடங்கியது.